ஆத்திரம் ஆதாரமாகாது!



உங்கள் கைபேசியில் காஸா என்று தட்டிப் பாருங்கள். முதலில் வந்து நிற்பவற்றில் ஒன்று விக்கிப்பீடியாவாக இருக்கும். லண்டனில் படிக்கும் மாணவனும், ஆப்பிரிக்காவில் செய்தி எழுதும் நிருபரும், மண்ணடியில் கடை வைத்திருக்கும் நீங்களும் பார்ப்பது ஒரே பக்கத்தைத்தான். கேள்வி கேட்டால் நொடியில் பதில் சொல்லும் இன்றைய கணினி எந்திரங்கள் பாடம் படித்ததும் அந்தப் பக்கங்களில்தான். பாலஸ்தீனத்தில் என்ன நடந்தது என்று நாளை நம் பேரப்பிள்ளைகள் கேட்டால், பதில் அங்கிருந்துதான் வரப்போகிறது.

அந்தப் பக்கங்களை எழுதுவது யார்? சம்பளம் வாங்கும் பேராசிரியர்கள் அல்லர். உலகம் முழுவதும் சிதறிக் கிடக்கும் தன்னார்வலர்கள். பலருக்குப் பெயர்கூடக் கிடையாது, புனைபெயர்தான். 'கொல்லப்பட்டனர்' என்பதா, 'இறந்தனர்' என்பதா? 'போர்' என்பதா, 'இனப்படுகொலை' என்பதா? ஒவ்வொரு சொல்லுக்கும் அங்கே ஒரு போராட்டம் நடக்கிறது. காஸாவில் குண்டுகளால் நடந்ததை உலகின் நினைவில் நிறுத்துவதா, அழிப்பதா என்பதே அந்தப் போராட்டம்.

இந்தப் போராட்டத்தில் நம் சமுதாயம் எங்கே நிற்கிறது? தேநீர்க் கடையில் நிற்கிறது! "எல்லாம் யூதர்களின் சதி, அதில் நமக்கு எப்படி நியாயம் கிடைக்கும்?" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டு, வந்த செய்தியை நாற்பது பேருக்கு அனுப்பிவிட்டு, கடமை முடிந்தது என்று எழுந்து போகிறது. இந்தப் போக்கு தவறானது மட்டுமல்ல, சமுதாயத்திற்குக் கேடானது. ஏன் என்று பார்ப்போம்.

தராசின் முள்ளைப் பிடிப்பது நடுநிலையா?

2024 ஜூலைக்கு முன்புவரை ஆங்கில விக்கிப்பீடியாவில் அந்தக் கட்டுரையின் தலைப்பில் 'இனப்படுகொலைக் குற்றச்சாட்டுகள்' என்ற பொருள்படும் சொற்களே இருந்தன. நீண்ட விவாதத்திற்குப் பிறகு அந்த மாதம் 'குற்றச்சாட்டு' என்ற சொல் நீங்கியது. 'காஸா இனப்படுகொலை' என்பதே தலைப்பானது.

2025 நவம்பரில் விக்கிப்பீடியாவின் நிறுவனர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸ் களத்தில் இறங்கினார். இந்தக் கட்டுரை நடுநிலைக்கு ஏற்றதாக இல்லை என்றார். சர்ச்சைக்குரிய ஒன்றை விக்கிப்பீடியா தன் சொந்தக் குரலில் உண்மை என்று சொல்லக்கூடாது, இன்னார் இப்படிச் சொல்கிறார்கள் என்றுதான் எழுத வேண்டும் என்பது அவர் வாதம். பல தன்னார்வலர்கள் அவருக்கே எதிராக எழுந்தார்கள். நிறுவனர் என்பதற்காக உங்கள் சொல்லுக்குத் தனி எடை கிடையாது, சான்றுகளைப் பாருங்கள் என்றார்கள்.

வேல்ஸின் வாதம் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சர்ச்சை யாருக்கு யாரோடு? மறுப்பவன் கையில் இருப்பது என்ன, நிரூபிப்பவன் கையில் இருப்பது என்ன? இதைக் கேட்காமல் இரண்டு பேச்சையும் ஆளுக்குப் பாதி என்று போடுவதா நடுநிலை?

வணிகப் பெருமக்களே, இதை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தராசு என்பது இரண்டு தட்டும் எப்போதும் சமமாகவே நிற்கும் கருவியா? எடை அதிகமான பக்கம் தாழ்வதுதான் தராசு. முள்ளைக் கையால் பிடித்து நடுவில் நிறுத்துகிறவன் நடுநிலையாளன் அல்லன், எடை மோசடிக்காரன்! அளவிலும் நிறுவையிலும் மோசடி செய்பவர்களைக் கண்டிக்க திருக்குர்ஆனில் ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது.

விக்கிப்பீடியாவின் விதியும் இதைத்தான் சொல்கிறது. எல்லாக் கருத்துக்கும் சம இடம் என்று அதன் நடுநிலை விதி சொல்லவில்லை. நம்பகமான சான்றுகள் எந்தக் கருத்தை எவ்வளவு தாங்கி நிற்கின்றனவோ, அவ்வளவு இடம் என்றுதான் சொல்கிறது. அப்படியானால் தட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

2023 டிசம்பர் 29 அன்று தென்னாப்பிரிக்கா சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2024 ஜனவரி 26 அன்று அந்த நீதிமன்றம் இஸ்ரேலுக்கு இடைக்கால உத்தரவுகளைப் பிறப்பித்தது. 2024 டிசம்பரில் அம்னஸ்டி இண்டர்நேஷனல் இது இனப்படுகொலை என்று அறிக்கை வெளியிட்டது. 2025 ஜூலையில் அதே முடிவைச் சொன்னது யார் தெரியுமா? பெத்செலம் என்ற இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பு! 2025 ஆகஸ்ட் 31 அன்று இனப்படுகொலை ஆய்வாளர்களின் சர்வதேசச் சங்கம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 செப்டம்பர் 16 அன்று ஐ.நா. விசாரணை ஆணையமும் அதையே சொன்னது.

இன்னொரு தட்டில் இஸ்ரேல் அரசின் மறுப்பும் அதன் நேச நாடுகளின் மறுப்பும் இருக்கின்றன. மறுப்பையும் பதிவு செய்யட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் மறுப்பு இருக்கிறது என்பதற்காகவே முள் நடுவில் நிற்க வேண்டும் என்றால், உலகில் எந்தக் கொலைகாரனும் குற்றவாளி ஆகமாட்டான். மறுக்காத கொலைகாரன் யார்?

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தட்டைத் தாழ்த்தியவர்களில் யூதர்களும் இருக்கிறார்கள். யூதர் வேறு, சியோனிச அரசியல் வேறு. "எல்லாம் யூதர்களின் சதி" என்று பேசுகிறவர்கள் பெத்செலத்தின் அறிக்கைக்கு என்ன பதில் சொல்வார்கள்?

சந்தேகத்துக்குப் பதில் பேரேடு

2023 அக்டோபர் 25 அன்று அமெரிக்க அதிபராக இருந்த பைடன், பாலஸ்தீனர்கள் சொல்லும் இறப்பு எண்ணிக்கையில் தமக்கு நம்பிக்கை இல்லை என்றார். உலகத்தின் பெரிய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, சாகிறவர்களின் கணக்கைப் பொய்க் கணக்கு என்பதுபோலப் பேசினார்.

காஸா சுகாதார அமைச்சகம் என்ன செய்தது? கூப்பாடு போட்டதா? சாபமிட்டதா? மறுநாளே ஒரு பட்டியலை வெளியிட்டது. 6,747 பேர். ஒவ்வொருவரின் பெயர், வயது, ஆணா பெண்ணா, அடையாள எண். அடையாளம் காண முடியாத 281 உடல்களைத் தனியாகக் குறிப்பிட்டிருந்தது. மின்சாரம் இல்லை, மருந்து இல்லை, தலைக்கு மேல் விமானம். அந்த நிலையிலும் மருத்துவமனையில் ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்! எழுதியதால்தான் உலகம் வாயை மூடியது. 'ஹமாஸ் நடத்தும் அமைச்சகம்' என்ற அடைமொழியை ஒட்டி ஒட்டி அந்த எண்ணின் மதிப்பைக் குறைக்கப் பார்த்தவர்களுக்கு, அடையாள எண்ணோடு நிற்கும் 6,747 பெயர்களை என்ன செய்வது என்று தெரியவில்லை.

போஸ்னியாவை மறந்துவிட்டீர்களா? 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிகாவில் 8,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2001இல் அது இனப்படுகொலை என்று தீர்ப்பளித்தது. 2007இல் சர்வதேச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அப்படியிருந்தும் 2012இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் பல மொழி விக்கிப்பீடியாக்களை ஒப்பிட்டபோது என்ன கண்டார்கள்? போஸ்னிய மொழியில் 'இனப்படுகொலை'. செர்பிய மொழியில் 'படுகொலை'. டச்சு மொழியில் வெறும் 'வீழ்ச்சி'! அந்த ஊரைக் காக்கும் பொறுப்பில் இருந்தது நெதர்லாந்துப் படைப்பிரிவு என்பதை நினைவில் வையுங்கள். மொழிக்கு ஒரு பெயர், நாட்டுக்கு ஒரு பெயர்!

ஆனாலும் இறந்தவர்களை மறைக்க முடியவில்லை. புதைகுழிகளைத் தோண்டினார்கள். எலும்புகளை மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். தாய்மார்கள் இரத்தம் கொடுத்தார்கள். பொட்டொச்சாரி நினைவிடத்தில் இன்று 8,372 என்ற எண் கல்லில் நிற்கிறது. அந்தத் தாய்மார்களின் கண்ணீரை யாரும் சான்றாக ஏற்கவில்லை. அவர்கள் கொடுத்த இரத்தத்தையும் பெயர்ப் பட்டியலையும்தான் நீதிமன்றம் ஏற்றது.

அவர்கள் திட்டமிட்டார்கள், நாம்?

எதிர்த்தரப்பு சும்மா இருந்ததா? இல்லை. 2008இல் அமெரிக்காவின் 'கேமரா' என்ற இஸ்ரேல் ஆதரவு அமைப்பைச் சுற்றிய குழு ஒன்றின் மின்னஞ்சல்களை, 'எலக்ட்ரானிக் இன்டிஃபாதா' வெளியிட்டது. ஆள் சேர்க்கிறார்கள். முதலில் இஸ்ரேல் பக்கமே போகாதே, வேறு கட்டுரைகளைத் திருத்தி நல்ல பெயர் வாங்கு, நிர்வாகியாகு, பிறகு வேலையைக் காட்டு என்று பாடம் நடத்துகிறார்கள்! விக்கிப்பீடியா சிலரைத் தடை செய்தது. 2010இல் மேற்குக்கரை யூதக் குடியேறிகளின் யெஷா கவுன்சில், விக்கிப்பீடியாவைத் திருத்தப் பயிற்சி வகுப்பே நடத்தியது.

அது அநியாயம் என்றால், நம் பக்கத்தில் அதையே செய்தால்? அதுவும் அநியாயம்தான். 2024 டிசம்பரில் பாலஸ்தீன ஆதரவாளர்கள் சிலர் வெளியே கூடிப் பேசித் திட்டமிட்டுத் திருத்தியதற்காக நடவடிக்கைக்கு ஆளானார்கள். 2025 ஜனவரியில் விக்கிப்பீடியாவின் நடுவர் குழு, இருதரப்பையும் சேர்ந்த 8 பேரை இந்த விஷயத்தில் கைவைக்கவே கூடாது என்று விலக்கியது. விளைவு? பல ஆண்டுகள் உழைத்து, விதிகளைக் கரைத்துக் குடித்திருந்தவர்கள் வெளியேறினார்கள். குறுக்கு வழியால் நஷ்டம் யாருக்கு?

உணர்ச்சிவசப்பட்டு இன்றே கணக்குத் தொடங்கி, பாலஸ்தீனக் கட்டுரையில் நாலு வரியை அழித்து நாலு வரி எழுதலாம் என்று நினைக்கும் இளைஞரே! உங்களால் முடியாது. ஆங்கில விக்கிப்பீடியாவில் அரபு-இஸ்ரேல் விவகாரக் கட்டுரைகளைத் தொட வேண்டுமானால், சேர்ந்து 30 நாட்களாவது ஆகியிருக்க வேண்டும், 500 திருத்தங்களாவது செய்திருக்க வேண்டும். நீங்கள் நேரில் கண்டதையே எழுதினாலும் அழித்துவிடுவார்கள். அச்சிலோ நம்பகமான ஊடகத்திலோ வெளியான சான்று வேண்டும்.

இதைக் கேட்டதும் "பார்த்தீர்களா, அநியாயம்!" என்று குதிக்காதீர்கள். அங்கே எல்லாப் பத்திரிகையும் ஒரே தட்டில் இல்லை. இஸ்ரேல்-பாலஸ்தீன விவகாரத்தில் அமெரிக்காவின் அவதூறு எதிர்ப்பு லீக்கை நம்பத்தக்கதல்ல என்று 2024 ஜூனில் ஒதுக்கினார்கள். முஸ்லிம்களுக்கு எதிராக இடைவிடாமல் எழுதும் 'ஆப்இந்தியா'வை 2020இலேயே கறுப்புப் பட்டியலில் வைத்தார்கள். அல்ஜஸீராவை நம்பகமானது என்று ஏற்கிறார்கள். ஈரானின் பிரஸ் டி.வி.யை ஏற்பதில்லை. குறை இல்லாத தராசு என்று நாம் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் எழுதுபவனுக்கும், பெரிய பத்திரிகை வைத்திருப்பவனுக்கும் அங்கே சாதகம் உண்டு. ஆனால் ஆதாரம் வைத்தால் அசைகிற தராசு அது. அசைந்ததைத்தான் 2024 ஜூலையில் பார்த்தோம்.

இது நம் வீட்டுச் சொத்து!

ஆதாரம் கேட்பது மேற்கத்தியர் கண்டுபிடித்த கலையா? செய்தி கொண்டு வருபவன் நம்பத்தகாதவன் என்றால், அறியாமல் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு வருந்தாதபடி, தீர விசாரியுங்கள் என்று அல்லாஹ் நமக்குக் கட்டளையிட்டிருக்கிறான் (49:6). அறிவிப்பாளர் தொடர் என்ற ஒன்றை இந்த உம்மத் உருவாக்கியது. யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தார்களா, சந்தித்தார்களா, நினைவாற்றல் எப்படி என்று ஆள் ஆளாக அலசினார்கள் இமாம் புகாரியும் இமாம் முஸ்லிமும். தொழுகையாளி, நோன்பாளி என்பதற்காக ஒருவரின் அறிவிப்பை ஏற்றுக்கொள்ளவில்லை. நல்ல மனிதர், ஆனால் மறதிக்காரர் என்று ஒதுக்கினார்கள். நபி (ஸல்) அவர்களின் பெயரால் வந்த செய்திக்கே இந்தச் சோதனை!

அந்த உம்மத்தின் வாரிசுகள் நாம். 2023 அக்டோபரில் என்ன செய்தோம்? சிரியாவில் பல ஆண்டுகளுக்கு முன் எடுத்த படங்களைக் காஸாவின் படங்கள் என்று பரப்பினோம். காஸாவில் நிஜமான மையித்துகள் வரிசையாகக் கிடக்கும்போது பொய்ப் படம் எதற்கு? எதிரி அந்த ஒரு பொய்யைக் கையில் பிடித்துக்கொண்டு, மற்ற எல்லாப் படமும் நாடகம் என்றான். அவன் வாய்க்கு அவல் போட்டது யார்?

வணிகர்களே! திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வையுங்கள், சாட்சி வையுங்கள், சிறியதோ பெரியதோ எழுதச் சோம்பாதீர்கள் என்பதைப் பற்றியது (2:282). பத்து ரூபாய்க்கு எழுத்து வேண்டும் என்று மார்க்கம் சொல்லும்போது, பத்து உயிருக்கு வேண்டாமா? அதிகாரி வந்து நின்றால் பில் இல்லாத சரக்கை எப்படிக் காப்பாற்றுவீர்கள்? ஆதாரம் இல்லாத வரலாறும் பில் இல்லாத சரக்குதான். கேட்ட இடத்தில் பறிபோகும்.

ஆதாரத்தை வெல்ல முடியாதவன் ஆளைத் தேடுகிறான்

இன்று நடப்பதைப் பாருங்கள். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் ஹெரிடேஜ் பவுண்டேஷன், விக்கிப்பீடியா தன்னார்வலர்கள் யார் யார் என்று கண்டுபிடித்துக் குறிவைக்கத் திட்டமிட்ட விவரம் வெளியானது. 2025 ஆகஸ்டில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று தன்னார்வலர்கள் பற்றிய விவரங்களைக் கேட்டுக் கடிதம் அனுப்பியது. நம் நாட்டில் 2024 ஜூலையில் ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் 2 கோடி ரூபாய் கேட்டு டெல்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. தன்னைப் பற்றி எழுதியவர்களின் விவரத்தையும் கேட்டது. அந்த வழக்கைப் பற்றிய பக்கத்தையே நீக்கும்படி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 மே 9 அன்று உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது.

இதை அமெரிக்காவும் டெல்லியும் மட்டும்தான் செய்கின்றன என்று நினைத்தால் அதுவும் ஒருதலைப்பட்சம். சிரியாவில் விக்கிப்பீடியாவுக்கு உழைத்த பாலஸ்தீன வம்சாவளி இளைஞர் பாசில் கர்தபீலை 2012இல் பிடித்து 2015இல் கொன்றது அஸத் அரசு. சவூதியில் இரண்டு தன்னார்வலர்கள் சிறையில் தள்ளப்பட்டதையும், அவர்களில் ஒருவரின் தண்டனை 32 ஆண்டுகளாக நீட்டப்பட்டதையும் 2023 ஜனவரியில் மனித உரிமை அமைப்புகள் அம்பலப்படுத்தின. கொடுமைக்கு மதம் கிடையாது. எழுதுகிறவனுக்கு அஞ்சாத கொடுங்கோலன் கிடையாது.

நம் ஊர்க் கணக்கு எங்கே?

காஸாவைப் பேசியது போதும். நம் வாசலுக்கு வருவோம். கோவை 1998 பிப்ரவரி 14 என்றால் எல்லோருக்கும் தெரியும். தொடர் குண்டுவெடிப்பில் 58 உயிர்கள் போயின. அதற்கு இரண்டரை மாதத்துக்கு முன், 1997 நவம்பர் 29 அன்று முஸ்லிம் இளைஞர்களால் ஒரு காவலர் கொல்லப்பட்ட பிறகு மூண்ட கலவரத்திலும் போலீஸ் துப்பாக்கிச்சூட்டிலும் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். இது எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த 18 பேரின் பெயரை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் சொல்வார்கள்?

18ஐ மறைத்து 58ஐ மட்டும் எழுதுகிறவன் அநீதிக்காரன். 58ஐ மறைத்து 18ஐ மட்டும் எழுத நினைக்கும் நம்மவனும் அநீதிக்காரன்தான். குண்டுக்குப் பலியான அப்பாவிக்கு எந்தக் கலவரமும் நியாயம் கற்பிக்காது. ஒரு கூட்டத்தின் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்பதும் (5:8), உங்களுக்கே எதிராக இருந்தாலும் சாட்சியை நேராகச் சொல்லுங்கள் என்பதும் (4:135) யாருக்கு இறங்கிய கட்டளைகள்? காவலரின் உயிரையும் எழுது. 18ஐயும் எழுது. 58ஐயும் எழுது. வரிசை மாறாமல் எழுது. அதுதான் நடுநிலை. அதற்குத்தான் உலகம் செவி சாய்க்கும்.

என்ன செய்வது?

இளைஞர்களே! தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் இயங்குகிறது. அதில் சேருங்கள். முதலில் உங்கள் ஊரின் பள்ளிவாசல், துறைமுகம், சந்தை பற்றி ஆதாரத்தோடு எழுதிப் பழகுங்கள். விதியைப் படியுங்கள். எதிர்க்கருத்தையும் நேர்மையாகப் பதியுங்கள். உரையாடல் பக்கத்தில் ஏசாதீர்கள், சான்றை வையுங்கள். பின்பு கனமான தலைப்புகளுக்கு வாருங்கள். யாருக்காகவும் கூட்டம் சேர்த்து ஓட்டுப் போடாதீர்கள்.

வணிகர்களே! மாநாட்டுப் பந்தலுக்கும் வளைவுகளுக்கும் வாரி வழங்குகிறீர்கள். மறுநாள் பந்தலைப் பிரித்துவிடுகிறார்கள். ஒரு கலவரத்தின் முதல் தகவல் அறிக்கை, மருத்துவச் சான்று, ஆணைய அறிக்கை, அன்றைய நாளிதழ் ஆகியவற்றைத் திரட்டி முறையாக ஆய்ந்து ஒரு நல்ல பதிப்பகம் புத்தகமாக வெளியிட்டால், அது நூறாண்டு நிற்கும். உலகின் எந்த மூலையில் இருக்கும் தன்னார்வலனும் அதைச் சான்றாகக் காட்டலாம். தமிழ்ப் புத்தகம் என்பதற்காக யாரும் அதைத் தள்ள முடியாது. வழக்கறிஞரையும் ஆய்வு மாணவரையும் ஆதரியுங்கள். ஜமாஅத் நிர்வாகிகளே! மையித்துப் பதிவேட்டையும் பழைய மினிட் புத்தகத்தையும் கரையானுக்குக் கொடுக்காதீர்கள்!

குண்டு விழும் மருத்துவமனையில் விளக்கு இல்லாமல் 6,747 பெயரை எழுதிய கைகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு நாம் ஒரு பெயரையாவது எழுதியிருக்கிறோமா?

சிந்தியுங்கள் சகோதரர்களே! ஆத்திரப்பட்டது போதும். ஆதாரத்தைத் தேடுவோம், எழுதுவோம், எழுதியதைக் காப்போம், இன்ஷா அல்லாஹ்!